கூகுள் விளம்பரத்தில் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு ஆகும்? பணம் கட்டும் முன் போட வேண்டிய ஜேடர்பாளையம் வெல்லக் கணக்கு

பொங்கலுக்கு ரெண்டு மாசம் முன்னாடி எங்க ஆபீஸுக்கு வர்ற கேள்விகளில் இது ஒண்ணு: "கூகுள்ல விளம்பரம் போட்டா எவ்வளவுங்க ஆகும்?" கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர் பக்கத்து வெல்ல ஆலைக்காரர்கள். நான் திருப்பிக் கேட்கிறது ஒண்ணுதான்: "ஒரு கிளிக்குக்கு உங்களால எவ்வளவு கொடுக்க முடியும்?" இந்த ரெண்டு கேள்விக்கும் தனித்தனியா விடை கண்டுபிடிச்சு, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறதுதான் இன்னிக்குப் பாடம். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்குங்க. கீழே வர்ற வெல்ல விலை, கிளிக் விலை எல்லாம் கணக்குக்காக நான் வச்ச உதாரண எண்கள். உங்க எண்ணை நீங்கதான் போட்டுப் பார்க்கணும்.

முதல்ல, இது ஒரு ஏலம்

நம்ம ஊர்க்காரர்களுக்கு ஏலத்தைப் பத்தி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தையில் 30 கிலோ சிப்பத்தை வச்சு ஏலம் விடுவார்கள். உருண்டை வெல்லத்துக்கு ஒரு விலை, அச்சு வெல்லத்துக்கு ஒரு விலை. யார் அதிகம் கேட்கிறாரோ சரக்கு அவருக்கு. கேட்ட விலையைக் கொடுத்தே ஆகணும்.

கூகுளிலும் ஏலம்தான், ஆனா ரெண்டு வித்தியாசம் இருக்கு. முதல் வித்தியாசம், ஏலம் நடக்கிற நேரம். யாராவது கூகுளில் ஒரு வார்த்தையைத் தேடும் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு ஏலம் நடந்து முடியும். நீங்க வாங்கிறது அந்த ஒரு தேடலில் உங்க விளம்பரத்துக்கான இடத்தை மட்டும்தான். யாரும் கிளிக் செய்யலைன்னா காசு கிடையாது.

ரெண்டாவது வித்தியாசம்தான் முக்கியம். அதிகம் கேட்டவர் ஜெயிப்பார்னு இங்கே சொல்ல முடியாது. கேட்ட விலையையே கொடுக்கணும்னும் இல்லை. விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துத்தான் கூகுள் வரிசை போடுது. அதுக்குப் பேர் ஆட் ரேங்க். உண்மையான சூத்திரத்தில் இன்னும் பல சங்கதிகள் உண்டு: தேடுபவர் எந்த ஊரில் இருக்கார், போனில் தேடுறாரா, விளம்பரம் மேலே வர குறைந்தபட்சத் தகுதி எவ்வளவு என்பதெல்லாம். நமக்குப் புரியறதுக்கு "கேட்கும் விலை பெருக்கல் தரம்" என்று வச்சுக்கலாம்.

மூணு பேர் ஏலத்துக்கு வர்றாங்க. முதலாமவர் கிளிக்குக்கு 10 ரூபாய் கேட்கிறார், தரம் 4, பெருக்கினால் 40. ரெண்டாமவர் 6 ரூபாய்தான் கேட்கிறார், ஆனா தரம் 8, அதனால 48. மூணாமவர் 8 ரூபாய், தரம் 3, மொத்தம் 24. மேலே வருவது 6 ரூபாய் கேட்டவர். அவர் கட்டுவது எவ்வளவு? தனக்குக் கீழே இருப்பவரின் 40-ஐத் தாண்ட எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான். 40-ஐ தன் தரம் 8-ஆல் வகுத்தால் 5 ரூபாய், சில காசு கூடலாம். அடுத்த இடத்தில் இருக்கும் 10 ரூபாய்க்காரர், 24-ஐ 4-ஆல் வகுத்து 6 ரூபாய் கட்டுவார். கீழே இருப்பவர் மேலே இருப்பவரை விட அதிகம் கட்டுறார் பாருங்க.

இது கூகுள் கண்டுபிடிச்ச யோசனை இல்லை. 1961-ல் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார நிபுணர், ஜெயிச்சவர் அடுத்தவர் கேட்ட விலையைக் கட்டினால் என்ன ஆகும்னு ஆராய்ந்து எழுதினார். 1996-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. தேடல் விளம்பரத்தை முதலில் ஏலம் விட்டது 1998-ல் வந்த கோடூ என்ற நிறுவனம். அங்கே நம்ம சந்தை மாதிரி, கேட்ட விலையைக் கட்டணும். கூகுள் 2000-ல் ஆட்வேர்ட்ஸ் தொடங்கி, 2002-ல் கிளிக்குக்கு ஏலம் என்ற முறைக்கு மாறியபோது அடுத்தவர் விலையையும் தரத்தையும் கலந்து இந்த முறையைக் கொண்டு வந்தது. 2018-ல் பேர் மட்டும் கூகுள் ஆட்ஸ் ஆச்சு.

இதை ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்னா, மதிப்பீடு போடும்போது நீங்க கேட்கப்போகும் விலையும் கட்டப்போகும் விலையும் வேற வேற எண். கணக்கில் வர வேண்டியது கட்டப்போகும் விலை. இன்னொண்ணு, அந்த விலையைக் குறைக்கிற சாவி பாதி உங்க கையில இருக்கு. விளம்பர வாசகம் தேடலுக்குப் பொருந்தணும், கிளிக் செஞ்சு வர்ற பக்கம் போனில் சட்டுனு திறக்கணும், விலை கண்ணுக்குத் தெரியணும். இதெல்லாம்தான் அந்த "தரம்".

கீவேர்ட் பிளானரைப் படிக்கும் முறை

கூகுள் ஆட்ஸ் கணக்குக்குள்ளேயே கீவேர்ட் பிளானர் என்று இலவசக் கருவி இருக்கு. புதுசா கணக்கு தொடங்கும்போது கூகுள் உங்களை நேரா விளம்பரம் போடுற பக்கத்துக்கே தள்ளும். எக்ஸ்பர்ட் மோடுக்கு மாறினால்தான் பிளானர் கிடைக்கும். பணம் கட்டும் விவரங்களைக் கேட்கலாம். கொடுத்ததாலேயே காசு போயிடாது, விளம்பரம் ஓடினாத்தான் போகும்.

உள்ளே போனதும் முதல் வேலை, இடத்தை மாத்துறது. இந்தியா முழுக்கன்னு விட்டுட்டால் டெல்லி, மும்பைப் போட்டியாளர்களும் சேர்ந்த விலை வரும். நீங்க சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும்தான் அனுப்பப் போறீங்கன்னா அந்த ரெண்டு ஊரை மட்டும் போடுங்க.

அப்புறம் வார்த்தைகள். இங்கேதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. "வெல்லம்" என்று தேடுபவர் யார்? வெல்லத்தின் நன்மையைப் படிக்க வந்தவர், சர்க்கரைப் பொங்கல் செய்முறை தேடுபவர், இன்னிக்கு சந்தை விலை பார்க்க வந்த வியாபாரி. வாங்க வந்தவர் கொஞ்சம்தான். "ஜேடர்பாளையம்" என்று தேடுபவரோ காவிரித் தடுப்பணைக்கும் பூங்காவுக்கும் பொரிச்ச மீனுக்கும் ஞாயிற்றுக்கிழமை கிளம்புறவர். அவர் கிளிக்குக்கு நீங்க ஏன் காசு கட்டணும்? "நாட்டு வெல்லம் ஆன்லைன்", "பை ஜாகரி ஆன்லைன்", "ஜாகரி ஹோல்சேல் தமிழ்நாடு" மாதிரி வாங்கும் எண்ணம் தெரியும் வார்த்தைகளை எடுங்க. நன்மை, செய்முறை, இன்றைய விலை போன்றவற்றை விலக்கும் வார்த்தைகளாகக் குறிச்சு வச்சுக்குங்க. ரொம்பக் குறுகலாகவும் போகாதீங்க. "ஜேடர்பாளையம் அச்சு வெல்லம் 5 கிலோ" என்று போட்டால், தேடுவோர் போதாதுன்னு கூகுள் அந்த வார்த்தையை ஓரங்கட்டிடும், விளம்பரமே வராது.

இப்ப திரையில் வர்ற நெடுவரிசைகள். மாதச் சராசரித் தேடல் என்பது புதுக் கணக்குக்கு "100 முதல் 1,000 வரை" என்கிற மாதிரி பரந்த எல்லையாகத்தான் காட்டும். 100-க்கும் 1,000-க்கும் பத்து மடங்கு வித்தியாசம், அதனால இதை வச்சு வருமானம் கணக்குப் போடாதீங்க. போட்டி என்ற இடத்தில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வரும். எத்தனை விளம்பரதாரர்கள் மோதுறாங்க என்பதுதான் அது. அடுத்து வர்ற ரெண்டு எண்கள்தான் நமக்கு வேணும்: பக்கத்தின் மேலே வருவதற்கான விலை, கீழ் எல்லை, மேல் எல்லை. மத்த விளம்பரதாரர்கள் மேலிடத்துக்குக் கொடுத்து வந்த விலைகளின் கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் அது. உங்க பழைய கணக்கு இல்லை, உங்களுக்கான உத்தரவாதமும் இல்லை. புதுசா வர்றவர் நடுவுக்குக் கொஞ்சம் மேலே வச்சு மதிப்பிடுறது என் பழக்கம், ஏன்னா உங்க விளம்பரத்தின் தரம் இன்னும் யாருக்கும் தெரியாது.

அங்கேயே முன்கணிப்பு என்று இன்னொரு பக்கம் இருக்கு. வார்த்தைகளையும் பட்ஜெட்டையும் கொடுத்தால் எத்தனை கிளிக், சராசரி விலை எவ்வளவுன்னு சொல்லும். அது அண்மை நாட்களின் ஏலத்தையும் பருவத்தையும் வச்சுப் போடும் கணக்கு. ஐப்பசியில் பார்த்த எண்ணை நம்பி மார்கழிக் கடைசியில் இறங்காதீங்க. பொங்கல் வாரத்தில் எல்லாரும்தான் வெல்லம் விற்பார்கள். விளம்பரம் போடுற வாரம் மறுபடி ஒரு தடவை திறந்து பாருங்க.

உங்க பக்கத்துக் கணக்கு

5 கிலோ வெல்லப் பெட்டி, விலை 650 ரூபாய். லேபிள் ஒட்டிய பொட்டலம் என்பதால் 5% ஜிஎஸ்டி உள்ளே இருக்கு. அதைக் கழித்தால் உங்களுக்கு வர்றது 619. வெல்லத்தின் அடக்கம் கிலோ 60 வீதம் 300. அட்டைப்பெட்டி, கவர் 40. கூரியர் 150. ஆன்லைனில் பணம் வாங்கும் கட்டணம் 13. உடைசல், திரும்பி வரும் பார்சல் என்று சராசரியா 16. மொத்தம் 519. கையில் நிற்பது ஒரு பெட்டிக்கு 100 ரூபாய்.

இப்ப 100 பேர் கிளிக் செய்தால் எத்தனை பேர் வாங்குவார்கள்? 2 பேர் என்று வச்சுக்குவோம். அப்போ 100 கிளிக்குக்கு லாபம் 200. ஒரு கிளிக்குக்கு நீங்க கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை 2 ரூபாய். அது லாபமும் இல்லை நட்டமும் இல்லைங்கிற எல்லை. இந்த 2 ரூபாய்தான் உங்க உச்ச வரம்பு.

பிளானர் சராசரி 5 ரூபாய் காட்டுதுன்னு வைங்க. ஒரு ஆர்டருக்கு 50 கிளிக், 250 ரூபாய் செலவு, 100 ரூபாய் வரவு. ஒவ்வொரு பெட்டியும் 150 ரூபாய் நட்டத்தில் போகுது. ஆர்டர் அதிகம் வர வர நட்டமும் அதிகம். போன் விடாம அடிச்சுக்கிட்டே இருக்கும், சீசன் முடிஞ்சு கணக்குப் பார்த்தா கரும்பு வாங்கக் கையில காசு இருக்காது. ஆலைக்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

"ஒரு தடவை வாங்கினவங்க திரும்ப வருவாங்களே?" நியாயமான கேள்வி. 10 பேரில் 4 பேர் வருஷத்துக்குள்ள இன்னும் ரெண்டு தடவை நேரா வாட்ஸ்அப்பில் வாங்குறாங்கன்னு வச்சா, ஒரு வாடிக்கையாளரின் மதிப்பு 100-லிருந்து 180 ஆகும். கிளிக் வரம்பு 3 ரூபாய் 60 காசு. இன்னும் 5 ரூபாயை எட்டலை. அதுவும் அந்த 80 ரூபாய் வருஷக் கடைசியில்தான் வரும், கூகுளுக்கு இன்னிக்கே கட்டணும்.

அப்ப வழி இல்லையா? இருக்கு. வெல்லத்தோட நாட்டுச் சர்க்கரை, நிலக்கடலை, எள்ளுருண்டை சேர்த்து ஒரு ஆர்டரில் 350 ரூபாய் நிற்கும்படி செய்தால், அதே 2 பேர் கணக்கில் வரம்பு 7 ரூபாய். கூரியர் செலவு அதே விகிதத்தில் ஏறாது என்பதுதான் இதில் இருக்கிற சூட்சுமம்.

எனக்கு இன்னும் பிடிச்ச வழி மொத்த வியாபாரம். இனிப்புக் கடை, கேட்டரிங், கடலை மிட்டாய் தயாரிப்பாளர் இவர்களைத் தேடுங்க. ஒரு டன் ஆர்டரில் கிலோவுக்கு 3 ரூபாய் நின்றால் 3,000. 200 கிளிக்கில் 10 பேர் விசாரிச்சு ஒருத்தர் வாங்கினாலும் ஒரு கிளிக்குக்கு 15 ரூபாய் தாங்கும். மொத்த வியாபார வார்த்தைகளுக்குத் தேடல் குறைவு, கிளிக் விலை கூடுதலா 8 ரூபாய் வந்தாலும் கணக்கு நிற்குது. ஆனா முன்பின் தெரியாதவருக்கு ஒரு டன் கடன் கொடுத்துட்டு வந்து நிற்காதீங்க. வர வேண்டிய பணம் வரலைன்னா கிளிக் கணக்கெல்லாம் வீண்.

ஜிஎஸ்டியை மறந்தால் கணக்கு தப்பு

பிளானர் காட்டும் விலையில் வரி கிடையாது. கூகுள் இந்தியா பில்லில் 18% ஜிஎஸ்டி தனியா வரும். 5 ரூபாய் கிளிக் உண்மையில் 5 ரூபாய் 90 காசு.

இதைத் திரும்ப எடுக்க முடியுமா என்பது நீங்க எப்படி விற்கிறீங்க என்பதைப் பொறுத்தது. 2022 ஜூலை 18 முதல் பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய வெல்லத்துக்கு 5% வரி. லேபிள் இல்லாத சில்லறை வெல்லத்துக்கு வரி இல்லை. வரி இல்லாத சரக்கு விற்றால் உள்ளீட்டு வரி வரவும் இல்லை. அப்ப 15 ரூபாய் வரம்பை 1.18-ஆல் வகுக்கணும், 12 ரூபாய் 70 காசுதான் நிற்கும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் வரவு கிடையாது. அவர்கள் வெளி மாநிலத்துக்கு விற்கவும் முடியாது. பதிவே இல்லாதவர்கள் கவனிங்க: பொருள் விற்பனைக்கு 40 லட்சம் வரம்பு இருக்குன்னு நம்பி, வரி உள்ள பொட்டலத்தை பெங்களூருக்கு அனுப்பினால் அந்த வரம்பு உங்களுக்குப் பொருந்தாது.

சரி, 5% கட்டி விற்கிறவருக்கு முழு வரவும் கிடைக்குமே, அப்புறம் என்ன? ஒரு சிக்கல் இருக்கு. நம்ம பெட்டியில் நீங்க கட்ட வேண்டிய வரி 31 ரூபாய். 250 ரூபாய் விளம்பரத்துக்கு நீங்க கட்டின ஜிஎஸ்டி மட்டுமே 45. கூரியருக்கும் 18% உண்டு. வரவு மேல மேல சேர்ந்துக்கிட்டே போகும், கழிக்க வரி இருக்காது. உள்ளீட்டு வரி விகிதம் அதிகமா இருந்தால் ரீபண்ட் கேட்கலாமேன்னா, அது பொருட்களுக்குத்தான், விளம்பரம் மாதிரி சேவைகளுக்கு இல்லை. 2021 செப்டம்பரில் விகேசி ஃபுட்ஸ்டெப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செஞ்சிடுச்சு. புத்தகத்தில் சொத்து மாதிரி தெரியும், பையில காசு இருக்காது. ஆகவே குறைந்த வரிப் பொருள் விற்கிறவங்க, விளம்பர ஜிஎஸ்டியில் பாதியையாவது செலவாக வச்சுக் கணக்குப் போடுறது நல்லது.

உங்க பேரையே அடுத்தவர் ஏலம் எடுத்தால்?

இது நம்ம சென்னையிலேயே நடந்த வழக்கு. பாரத்மேட்ரிமோனி, தமிழ்மேட்ரிமோனி தளங்களை நடத்திய கான்சிம் இன்ஃபோ, தன் பேரைத் தேடினால் போட்டி நிறுவனங்களின் விளம்பரம் வருதுன்னு கூகுள் மேலயும் போட்டியாளர்கள் மேலயும் சென்னை உயர் நீதிமன்றம் போச்சு. 2010 செப்டம்பர் 30-ல் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தார். அந்தப் பேர்கள் பொதுவா பொருளை விவரிக்கும் சொற்களால் ஆனவை என்பது முக்கியக் காரணம். பிறகு இதே நிறுவனம் மேட்ரிமோனி டாட் காம் என்ற பேரில் போட்டி ஆணையத்தில் தொடர்ந்த வழக்கில் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. ஆனா அது தேடல் முடிவுகளில் காட்டின பாரபட்சத்துக்கு. ஆட்வேர்ட்ஸ் விஷயத்தில் விதிமீறல் இல்லைன்னுதான் ஆணையம் சொன்னது. 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றமும், குழப்பம் ஏற்படுத்தாத வரை அடுத்தவரின் வணிகப் பேரைக் கீவேர்டாக வைப்பது மட்டுமே மீறல் ஆகாதுன்னு சொல்லியிருக்கு.

அதனால "நாட்டு வெல்லம்" மாதிரி பொதுப் பேரை பிராண்டாக வச்சவங்க, சொந்தப் பேருக்கும் கிளிக் காசு கட்ட வேண்டி வரலாம்னு மதிப்பீட்டில் ஒரு வரி சேர்த்துக்குங்க. பேர் இன்னும் வைக்கலைன்னா வேற யாருக்கும் பொருந்தாத பேரா வைங்க.

சோதனைக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

100-க்கு 2 பேர் வாங்குவாங்க என்பது இது வரைக்கும் நம்ம ஊகம்தான். அதைச் சரிபார்க்கக் கொஞ்சம் செலவு செஞ்சே ஆகணும். 50 கிளிக் வந்தும் ஒரு ஆர்டர் இல்லைன்னு உடனே நிறுத்திடாதீங்க. உண்மையிலேயே 2% வாங்குறவங்களா இருந்தாலும், 50 கிளிக்கில் ஒண்ணு கூட வராம போக 100-க்கு 36 வாய்ப்பு இருக்கு. 150 கிளிக் தாண்டியும் பூஜ்யம்னா, அந்த வாய்ப்பு 100-க்கு 5 தான். அப்ப உங்க 2% ஊகம் தப்புன்னு எடுத்துக்கலாம். 5 ரூபாய் வீதம் 150 கிளிக்குக்கு 750, ஜிஎஸ்டி 135, மொத்தம் 885 ரூபாய். அதுதான் அந்தச் சோதனையின் விலை. மொத்த வியாபாரத்துக்கு ஆர்டரை எண்ணினால் 600 கிளிக் வேணும். அதனால விசாரணையை எண்ணுங்க. 100-க்கு 5 விசாரணை எதிர்பார்க்கிறோம், 60 கிளிக்கிலேயே தெரிஞ்சிடும்.

தினசரி பட்ஜெட் போடும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. 200 ரூபாய்னு போட்டால் சில நாள் 400 வரைக்கும் போகும், கூகுள் விதியே அப்படித்தான். மாசத்துக்கு 30.4 மடங்கு, அதாவது 6,080-ஐத் தாண்டாது. ஜிஎஸ்டியோட 7,174 ரூபாய். கணக்கில் உங்க ஜிஎஸ்டி எண்ணை முதல் நாளே பதிஞ்சுடுங்க, இல்லைன்னா பில் உங்க ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வராது. ரெண்டு மூணு நாள் கழிச்சு, எந்தெந்தத் தேடலுக்கு விளம்பரம் வந்ததுன்னு காட்டும் அறிக்கையைத் திறங்க. அதில் "ஜேடர்பாளையம் மீன் வறுவல்" இருந்தால் உடனே விலக்குப் பட்டியலில் சேர்த்துட்டு, மிச்ச கிளிக்குகளை மட்டும் வச்சு 150-ஐ எண்ணுங்க.